பழைய பெற்றோலின் பருவம்

ஒக்டோபர் நடுவில் ஸ்காபரோவின் மேப்பிள் மரங்கள் நிறம் மாறி உதிரத் தொடங்கும்போது, சின்ன எஞ்சின் திருத்தும் கடைகளில் ஒரே வகை மெசின் வந்து குவியும். பத்துப் பதினொரு மாதம் கராஜ் மூலையில் கிடந்த, இலை தள்ளுகிற பெற்றோல் புளோவர்கள். கொண்டுவருகிறவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றேதான். போன வருசம் கடைசி நாள்வரைக்கும் நல்லா ஓடினது, இப்ப கயிறு இழுத்து இழுத்துத் தோள் நோகுது. ரொறன்ரோவின் இந்தக் கிழக்குப் பகுதியில் பல இலையுதிர் காலங்களை இதே வேலையில் கழித்த யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவர், அப்படி வருகிற மெசினின் கயிற்றை உடனே இழுத்துப் பார்ப்பதில்லை. "உள்ளுக்குக் கிடக்கிறது எப்ப வாங்கின பெற்றோல்?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் தொட்டி மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிடுவார்.

புதுப் பெற்றோல் மூக்கில் ஏறும். பழசில் வார்னிஷ் வாடை அடிக்கும். கண்ணாடிப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் வடித்து வெளிச்சத்தில் பிடித்தால், நிறம் கறுத்திருப்பதும் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்பதும் தெரியும். செத்துப்போனது என்று கடைக்கு வருகிற புளோவர்களில் பெரும்பாலானவை தேய்ந்து செத்தவை அல்ல, கெட்டதைக் குடித்தோ மூச்சு அடைத்தோ மயங்கிக் கிடப்பவை என்பது அவருடைய உறுதியான கட்சி. இதை வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்தப் பிடிக்கிற நேரம் சிலவேளை திருத்துகிற நேரத்தைவிடக் கூட.

மெசின் எளிமையானது. ஒற்றைச் சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின், அதன் தண்டிலேயே நேராகப் பூட்டிய ஒரு விசிறி, விசிறியைச் சுற்றி ஒரு கூடு, கூட்டிலிருந்து வெளியே போகும் குழாய். கியர் இல்லை, பெல்ட் இல்லை. கையில் பிடிக்கிற சிறியவை ஏறத்தாழ 25 சிசி. தொழிலுக்குத் தோளில் சுமப்பவை பெரும்பாலும் 50 முதல் 80 சிசி வரை. கார் எஞ்சினில் இருப்பதுபோல ஒயில் தேங்கி நிற்கத் தனி இடம் இதில் கிடையாது. பெற்றோலோடு கலந்து போகிற ஒயில்தான் பிஸ்டனுக்கும் பெயரிங்குக்கும் ஒரே ஆதாரம். இன்றைய மெசின்கள் பலவற்றுக்கும் கணக்கு 50க்கு 1. ஐந்து லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லி லீற்றர். பழைய மெசின்களுக்கு 40க்கு 1, 32க்கு 1 என்றும் உண்டு. அதை மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நுணுக்கம் எல்லாம் கார்பரேற்றரில் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் மிதவை வைத்த கார்பரேற்றர் போதும், ஏனென்றால் அது நிமிர்ந்தே ஓடும். புளோவரைச் சுமக்கிறவர் குனிவார், திரும்புவார், குழாயைக் கூரைத் தவாளிக்குத் தூக்குவார். எந்தக் கோணத்திலும் பெற்றோல் அளவாக வரவேண்டும். அதற்காக வால்ப்ரோ, சாமா போன்ற நிறுவனங்கள் செய்கிற கார்பரேற்றர்களில் மிதவைக்குப் பதிலாக இரண்டு மெல்லிய டயப்ரம்கள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அடிப்பெட்டியில் உண்டாகிற அழுத்தத் துடிப்பு, சின்னத் துளை ஒன்றின் வழியாக வந்து முதல் டயப்ரத்தை அசைக்கும். அதுதான் தொட்டியிலிருந்து பெற்றோலை இழுக்கிற பம்ப். இரண்டாவது டயப்ரம், எஞ்சின் உறிஞ்சுகிற அளவுக்கு வளைந்து, ஒரு நெம்பை அழுத்தி, ஊசி வால்வைத் திறந்து விடும். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த அலுமினியத் துண்டுக்குள் இவ்வளவும் நடக்கிறது. டயப்ரம் மிருதுவாக இருக்கும்வரை நடக்கும். விறைத்துப்போனால் நின்றுவிடும்.

விறைக்கச் செய்வது காலமும் எத்தனாலும். ஒன்ராறியோவில் விற்கிற பெற்றோலில் சராசரியாக 10 வீதம் எத்தனால் இருக்கவேண்டும் என்ற விதி 2020 முதல் நடப்புக்கு வந்தது. 2025இல் அது 11 வீதமானது, 2030இல் 15 வீதமாகும். கிழமைக்கு ஒருதரம் பெற்றோல் அடிக்கிற காருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. மாதக்கணக்கில் கால் தொட்டிப் பெற்றோலோடு கிடக்கிற புளோவரின் கதை வேறு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் முனையிலுள்ள ஃபில்டர் கிடப்பதும் அதே அடியில்தான். பழைய ரப்பர் குழாய்கள் இறுகி வெடிக்கும், அல்லது பிசுபிசுத்துத் தூள்தூளாக உதிரும். அந்தத் தூள் கார்பரேற்றரின் வாசலிலுள்ள நுண்ணிய வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

கார்பரேற்றரை முதலில் கழற்றுவது அவருக்குப் பிடிக்காத பழக்கம். இன்ரநெற்றில் வீடியோ பார்த்துவிட்டு வருகிற இளம் கைகள் முதல் வேலையாக அதைத்தான் செய்யும். அவர் செய்வது வேறு. எயர் ஃபில்டரைக் கழற்றி, கார்பரேற்றரின் தொண்டைக்குள் புதிதாகக் கலந்த பெற்றோலில் சில துளி விட்டுக் கயிற்றை இழுப்பார். எஞ்சின் ஓரிரு விநாடி சீறி எழுந்து அடங்கினால், நெருப்பு இருக்கிறது, அமுக்கமும் இருக்கிறது, பெற்றோல்தான் வந்து சேரவில்லை என்பது தெரிந்துவிடும். தேடவேண்டிய வழி அரைவாசியாகக் குறைந்துவிட்டது. பிறகு தொட்டிப் பக்கத்திலிருந்து வரிசையாக வருவார். ஃபில்டர், குழாய், பிரைமர் குமிழ், வலை, டயப்ரம். துளி விட்டும் எழும்பாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்.

பிளக்கைப் பார்த்து நோய் சொல்லும் பழக்கம் யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் வந்தது. 1990இல் மறுபடி போர் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல் காணக்கிடைக்காத பொருளானது. மோட்டார் சைக்கிளும் காரும் தோட்டங்களுக்கு நீர் இறைக்கிற மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. ஆகவே எங்கோ தேடிச் சேர்த்த பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து, கார்பரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறந்து விடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிளக்கைக் கரியாக்கும், சிலிண்டர் வழியே கீழிறங்கி ஒயிலையும் நீர்க்கச் செய்யும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைத்தே ஆகவேண்டும், புது மெசினுக்கும் உதிரிப் பாகத்துக்கும் வழியில்லை. அந்த நாட்களில் மெசின் திருத்தப் பழகியவர்கள், எஞ்சின் எதைக் குடிக்கிறது என்பதை முதலில் கேட்கப் பழகியவர்கள். கார்பரேற்றர் தொண்டையில் துளி விட்டுப் பார்க்கிற சோதனையும் அங்கிருந்து அவரோடு கப்பலேறாமல் விமானமேறி வந்ததுதான்.

பிளக்கின் முனை இளம் மண்ணிறமாக இருந்தால் எரிதல் சரி. ஈரமாகவும் கறுப்பாகவும் இருந்தால் பெற்றோல் கூட, அல்லது காற்று போகவில்லை, அல்லது நெருப்பு பலவீனம். வெள்ளை பூத்து வறண்டிருந்தால் அவர் முகம் மாறும். பெற்றோல் குறைவாகவோ, எங்கோ ஓட்டை வழியாகக் காற்றுக் கூடவோ போகிறது என்று அர்த்தம். அந்த மெசினைத் தொடர்ந்து ஓட்டவிடமாட்டார்.

ஒரு நவம்பரில், டவுன்ஹவுஸ் வளாகங்களைத் துப்புரவாக்கும் கொன்றாக்ட் எடுத்திருந்த ஓர் இளைஞர் தோளில் சுமக்கும் பெரிய புளோவர் ஒன்றோடு வந்தார்.

"அண்ணை, சும்மா நிற்கேக்க நல்லாத்தான் நிற்குது. முழுசா அமத்தினா மூச்சு வாங்குது. கார்பரேற்றரும் புதுசாப் போட்டிட்டன்."

"சைலன்சரைக் கழற்றிப் பார்த்தனீரோ தம்பி?"

"அதில என்ன இருக்கு?"

அதில் ஒரு சின்ன இரும்பு வலை இருக்கிறது. நெருப்புப் பொறி வெளியே பறந்து காய்ந்த புல்லில் விழாமல் தடுப்பதற்கானது. ஒயில் கூடினாலும், மலிவான ஒயில் ஊற்றினாலும், மணிக்கணக்காக மெதுவான ஓட்டத்திலேயே விட்டு வைத்தாலும் அந்த வலையில் கரி அப்பிக்கொள்ளும். புகை வெளியே போகாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. மெதுவாக ஓடும்போது போதுமான இடைவெளி, முழு வேகத்தில் போதாமல் போகும். மெக்கானிக் இரண்டு திருகாணியைக் கழற்றி, வலையைக் குறடால் பிடித்து, காஸ் ரோச் சுவாலையில் சிவக்கக் காய்ச்சி, கம்பித் தூரிகையால் தேய்த்து மறுபடி பூட்டினார். மெசின் முழுக் குரலில் எழுந்தது. வலையே இல்லாமல் விட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று இளைஞர் கேட்டார். கோடையில் காய்ந்த புல்வெளியில் வேலை செய்கிற மெசின் அது. அவர் வலையில்லாமல் எதையும் வெளியே அனுப்புவதில்லை.

இப்படி மூச்சு அடைக்கிற இடங்கள் இன்னும் உண்டு. சில மெசின் நன்றாக ஸ்டார்ட் ஆகி ஐந்து பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடும், கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். சூட்டுக் கோளாறு என்று நினைத்துக் கொயிலை மாற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. நின்ற அந்தக் கணத்தில் தொட்டி மூடியைத் தளர்த்தினால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கும். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்றை விடவேண்டிய சின்ன வால்வு அடைத்திருக்கிறது. மாற்றுகிற பாகத்தின் விலை ஒரு கோப்பியின் விலைதான்.

விசிறியின் வாசலில் ஈர இலை அப்பிக்கொண்டால் நடப்பது பலருக்குப் புதிராக இருக்கும். குழாயில் வருகிற காற்றுக் குறையும், எஞ்சினின் சத்தமோ ஏறும். காற்றை அள்ளித் தள்ளுவதுதான் விசிறியின் பாரம். அள்ளக் காற்று இல்லாவிட்டால் பாரம் இறங்கிவிடும், எஞ்சின் கட்டில்லாமல் சுழலும். இதே காரணத்தால் குழாயைக் கழற்றிவைத்துவிட்டுக் கார்பரேற்றரின் திருகாணியைச் சரிசெய்யக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். குழாய், மூடி, ஃபில்டர் எல்லாம் பூட்டி, எஞ்சினைச் சூடேற்றி, சுழற்சி அளக்கும் கருவியைப் பிடித்துக்கொண்டுதான் திருகாணியைத் தொடுவார். புகைச் சட்டங்கள் இறுகிய பிறகு அந்தத் திருகாணிகளின் தலைகள் சாதாரணத் திருப்புளிக்கு அடங்காத வடிவங்களில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித் திருப்புளி. முழு வேகத்தில் கொஞ்சம் கரகரத்த குரல் நல்லது. கீச்சென்று சுத்தமாக வீரிட்டால் பெற்றோல் குறைவு. கேட்க இனிமையான அந்தக் குரல்தான் பிஸ்டனைத் தின்னும்.

பிஸ்டன் போன மெசின்களைச் சொல்லும்போது அவர் குரல் தாழும். சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். கையில் ரோச் ஒன்று இருந்தால் போதும். வழுவழுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருந்தால், அநேகமாக ஒயில் கலக்காத பெற்றோலில் ஓடியிருக்கிறது. அமுக்கமானியைப் பிளக் துளையில் பூட்டிக் கயிற்றை இழுத்தால் நல்ல எஞ்சின் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 90க்குக் கீழே போனது ஓட அடம்பிடிக்கும். பெரும்பாலும் இது நடப்பது ஆட்களை வைத்து வேலை செய்கிற குழுக்களில். புல்வெட்டும் மெசினுக்கான வெறும் பெற்றோலும் புளோவருக்கான கலவையும் ஒரே நிறக் கான்களில் ஒரே ட்ரக்கில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து முதல் கிழமை ஆகாத ஒருவர் அவசரத்தில் கைக்கு வந்ததை ஊற்றிவிடுவார். அந்தத் தவறுக்கு அந்தப் பெடியனைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது மெக்கானிக்கின் எண்ணம். குழுத் தலைவர்கள் வந்தால், கலவைக் கானின் கைபிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, கலந்த திகதியை மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்வார். மொழி தெரியாதவருக்கும் துணி தெரியும்.

ஒயில் சரியாகக் கலந்தும் பிஸ்டன் கீறுவது உண்டு. தண்டின் இரு பக்கத்து சீல்களோ, கார்பரேற்றரையும் சிலிண்டரையும் இணைக்கிற ரப்பரோ வெடித்தால், அளந்து விட்ட கலவைக்கு மேல் கள்ளக் காற்று நுழையும். விசையை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கி நிற்பது அதன் அடையாளம். துளைகளை அடைத்து, அடிப்பெட்டிக்குள் ஆறேழு பிஎஸ்ஐ காற்று ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தால் ஒளிக்க இடமில்லை. வெப்பமும் கொல்லும். குளிர்காலத்தில் எலிகள் சிலிண்டரின் மூடிக்குள் புகுந்து பஞ்சும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டும். குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே காற்றுப் போக வழியிருக்காது. வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, மூடியைக் கழற்றத்தான் வேண்டும்.

ஸ்டில் நிறுவனத்தின் பிஆர் 600 போன்ற மெசின்கள் வந்த பிறகு இந்தத் தொழிலில் வால்வு பார்க்கிற வேலையும் சேர்ந்தது. 64.8 சிசி எஞ்சின். நாலு ஸ்ட்ரோக், ஆனால் ஒயில் கலந்த பெற்றோலிலேயே ஓடும். வால்வு இருப்பதால் அதன் இடைவெளியை 0.10 மில்லிமீற்றருக்குச் சரிபார்த்து வைக்கவேண்டும். ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பலம் குறைந்துவிட்டது என்று வருகிற இந்த வகை மெசினில் கார்பரேற்றரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நாள் போய்விடும்.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்வி மலிவான கார்பரேற்றர் பற்றியது. இன்ரநெற்றில் சொற்ப டொலருக்கு, பிளக்கும் குழாயும் ஃபில்டரும் சேர்த்தே, ஒரு சின்னப் பெட்டியில் வருகிறது. அசல் கார்பரேற்றரைத் திறந்து, அல்ட்ராசொனிக் தொட்டியில் கழுவி, டயப்ரம் மாற்றி, நெம்பின் உயரத்தை அளந்து பூட்டுகிற கூலியே அந்தப் பெட்டியின் விலையைத் தாண்டும். நல்ல மெசினுக்கு அசலைத் திருத்துவதே சரி என்று அவர் சொல்கிறார். ஊசி வால்வு சரியாக உட்காராத, திருகாணி ஒரு மாதத்தில் தளர்கிற நகல்களை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் வருசத்துக்கு இரண்டு சனிக்கிழமை மட்டும் ஓடுகிற பழைய மெசினை வைத்திருக்கும் ஓர் ஓய்வூதியக்காரருக்கு நகலைப் பூட்டிக் கொடுக்க அவர் தயங்குவதில்லை. இல்லாவிட்டால் அது குப்பைக்குப் போகும். ஒரே நிபந்தனை, பழைய குழாயையும் சேர்த்து மாற்றவேண்டும். உதிர்கிற குழாயில் பூட்டிய புதுக் கார்பரேற்றர் சில நாளில் அடைத்துக்கொள்ளும்.

இந்த மெசின்கள் மேல் எழுகிற கோபம் அவருக்குத் தெரியாததல்ல. கலிஃபோர்னியாவின் கார்மல் நகரம் 1975இலேயே புளோவரைத் தடைசெய்தது. லொஸ் ஏஞ்சலஸ் குடியிருப்புகளுக்கு அருகே தடை கொண்டுவந்தபோது, 1998 ஜனவரியில் தோட்டத் தொழிலாளர்கள் நகர மண்டபத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். வொஷிங்டன் டி.சி.யில் 2022 ஜனவரியிலிருந்து பெற்றோல் புளோவரைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டப்படி, 2024 முதல் தயாரித்து விற்கிற இத்தகைய சின்ன எஞ்சின்கள் புகையற்றவையாக இருக்கவேண்டும். தொழிலுக்குப் பயன்படுத்தும் ஒரு புளோவர் ஒரு மணித்தியாலம் ஓடினால், 2017ஆம் ஆண்டு டொயோட்டா கம்றி கார் ஏறத்தாழ 1,770 கிலோமீற்றர் ஓடி வெளிவிடுகிற அளவுக்குப் புகைமூட்ட மாசை வெளிவிடும் என்பது அந்த மாநிலத்துக் காற்று வள வாரியத்தின் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் மறுப்பதில்லை. பழைய பாணி இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வருகிற அதே நேரத்தில் புகைத் துளையும் திறந்திருக்கும். உள்ளே வந்ததில் நாலில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல், எரியாமலே வெளியே போய்விடும். சைலன்சரைத் திறக்கிறபோதெல்லாம் கையில் ஒட்டுகிற ஒயில் அதற்குச் சாட்சி. சத்தமும் அப்படித்தான். ஒன்ராறியோவின் வேலைத்தளச் சட்டம் எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைக்கிறது. தோளில் சுமக்கிறவரின் காதில் விழுவது அதை எளிதாகத் தாண்டும். காது மூடி போடாமல் வருகிற வேலையாட்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கண்டிப்பார், தன் இரண்டு காதுக்குள்ளும் ஓயாமல் ஒரு கீச்சொலி இருப்பதைச் சொல்லிக் காட்டுவார். அடைத்த கடைக்குள் எந்த மெசினையும் ஓட்டிப் பார்க்கமாட்டார். காபன் மொனொக்சைட்டுக்கு வாடை இல்லை.

தடை வரட்டும், ஆனால் விடியக் காலையில் ட்ரக் எடுக்கிற ஆட்களின் வயிற்றையும் கணக்கில் சேர்க்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். ஒரு பெற்றோல் தொட்டி முடிந்தால் ஒரு நிமிடத்தில் நிரப்பலாம். நாள் முழுக்க ஈர இலை தள்ளுகிறவருக்குப் பல பற்றறிகள் வேண்டும், ஒவ்வொன்றும் விலையுள்ள பொருள். தடை போடுகிற நகரங்கள் பழைய மெசினைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதியதற்கு உதவிப்பணம் கொடுக்கவேண்டும் என்று அவர் நினைக்கிறார். அதுவரைக்கும், ஓடுகிற மெசின் சரியான கலவையில், சுத்தமான வலையோடு, சரியான சுழற்சியில் ஓடினால் அடுத்த வீட்டுக்காரர் சுவாசிக்கிற புகை கொஞ்சமாவது குறையும். இதற்காகத்தான் திருத்த வந்த மெசினில் கேட்காத வேலையையும் சிலவேளை காசில்லாமல் செய்து விடுகிறார்.

வீட்டுக்காரர்கள் பலர் பற்றறிக்கு மாறிவிட்டார்கள். அந்த மெசின்களும் அவருடைய மேசைக்கு வருகின்றன. கருகிய விசை, பச்சை பூத்த செம்பு முனை, அறுந்த வயர் என்றால் திருத்திவிடுவார். மூடி ஒட்டிய பற்றறிப் பெட்டிக்குள் இருக்கும் லிதியம் செல்களைத் திறக்கமாட்டார், தீப்பற்றினால் அணைப்பது கடினம். சார்ஜ் ஏறுதில்லை என்று ஜனவரியில் வருகிறவர்களிடம் பற்றறியை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்கிறார். சூடாக்காத கராஜ் என்றால் விசயம் விளங்கிவிடும். லிதியம் பற்றறியைப் பூச்சிய பாகைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்களுக்குள் நிரந்தரச் சேதம் வரும் என்பதால் நல்ல சார்ஜர்கள் மறுத்துவிடும். முழுதாகவும் இல்லாமல் வெறுமையாகவும் இல்லாமல் அரைவாசிச் சார்ஜில் வீட்டுக்குள் வைக்கவேண்டும், கராஜில் கிடந்ததை உள்ளே எடுத்துக் குளிர் முழுதாகப் போன பிறகே சார்ஜரில் போடவேண்டும். இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து, கூலி வாங்காமல் அனுப்பிவிடுகிறார்.